இடது கண்ணும் நீல வேட்டியும்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதும் ஓர் உத்தியோகம்தான். லீவும் இல்லை, நன்றியும் இல்லை. வீட்டில் வயதானவருக்குக் கண்புரை எடுத்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

என் மாமனார் நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், ஃபாக்டரியையே ஆட்டிவைத்த டீமேக்கராக இருந்தவர். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு வருஷம் கெஞ்சியதில், பதுளை ஆஸ்பத்திரியில் இடது கண்ணில் மட்டும் புரை எடுக்கச் சம்மதித்தார். “இது சரியா வந்தாத்தான் மத்ததக் குடுப்பேன்” என்று நிபந்தனை வேறு. அந்த ஒற்றைக் கண்ணை நம்பி வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

திறந்தது வாய்

நான் கொன்வென்டில் படித்தவள். மணியடித்தால் வேலை நடக்க வேண்டும். மாமாவுக்கோ மருந்துப் போத்தலைக் கண்டதும் கண் இறுக மூடிக்கொள்ளும், வாய் ஆவென்று திறந்துகொள்ளும். இரண்டு சொட்டு கன்னத்தில், ஒன்று மீசையில். “கண்ணைத் தெறங்க மாமா!” என்று கத்தினேன்.

“நான் தெறந்துதாம்மா வச்சிருக்கேன். ஒனக்குத்தான் குறி தப்புது.”

நாலாம் நாள்

காலையில் எழுந்தவர், “எல்லாம் கலங்கலா இருக்கு. கண்ணு போச்சு. மத்த கண்ண எவனுக்கும் குடுக்க மாட்டேன்” என்றார். அடுப்பை அணைத்து, ஓட்டோ பிடித்து, கிளினிக்கில் வரிசையையும் மறந்து கத்தினேன். அரைகுறைத் தமிழ் பேசும் நர்ஸ் ஒருத்தி வந்து, மாமாவின் மூக்கில் வழக்கம்போல உட்கார்ந்திருந்த சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கழற்றினாள். மாமா எதிர்ச்சுவரைப் பார்த்து, தடுமாறாமல் வாசித்தார்: “அமைதி காக்கவும்.” ஐயோ, எனக்கு அங்கேயே ஆடலாம் போலிருந்தது! நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

“ஐயா, புதுக் கண்ணுக்குப் பழைய கண்ணாடி எதுக்கு?”

கொடியில் தொங்கியது

மூன்று வருஷமாக அவருக்கு ஒரே புகார்: “வேட்டி மஞ்சளா இருக்கு, நீலம் போடும்மா.” பளிச்சென்று வெளுத்த வேட்டி அது! மஞ்சள் அவர் கண்ணின் புரையில்தான் இருந்தது. சொன்னால் கேட்டால்தானே? எரிச்சலில், கேட்கக் கேட்க நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். மனிதர் வானத்தை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தார். டீமேக்கர் ஐயாவிடம் யார் வாய் திறப்பது?

இரண்டாம் வாரம் கொடியில் கிடந்த வேட்டியின் முன் நின்றார். வலது கண்ணைப் பொத்தினார். பிறகு இடதைப் பொத்தினார். மறுபடியும் வலது.

“இடது கண்ணு நீலம்ங்குது, வலது கண்ணு வெள்ளைங்குது. எதும்மா பொய் சொல்லுது?”

“வலதுதான் மாமா.”

அவர் முகம் சிவந்தது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடத் தயாரானேன்.

“இந்தக் கோலத்துலயா என்னைய மூணு வருஷம் கோயிலுக்கு அனுப்புன? அந்தப் பொய்க்காரக் கண்ணையும் எடுத்துப்புடுவோம், இன்னிக்கே தேதி கேளு!”

கண் தெரியாத மாமனாரைச் சமாளிக்கத்தான் எனக்குப் பழக்கம். இரண்டு கண்ணும் தெரியப்போகிற மாமனாரிடமிருந்து தப்புவதற்கு எந்தக் கிளினிக்கில் நம்பர் எடுப்பது என்றுதான் தெரியவில்லை.