பச்சைப் பொட்டு

ஒன்பது வயதில் நான் ஆறு தெருநாய்களுக்காகப் பொய் சொன்னேன். வாயால் சொல்லியிருந்தால் அப்பாவிடம் ஒரு அடியோடு போயிருக்கும். நான் பெயிண்டால் அல்லவா சொல்லி வைத்தேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். சாயங்காலமானால் நாய் வளர்ப்பவர்கள் எல்லாம் கரைக்கு வந்துவிடுவார்கள். நாய்கள் ஒன்றையொன்று மோந்து பார்க்கும், வளர்ப்பவர்கள் ஊர்வம்பு பேசுவார்கள். எங்கள் ஜிம்மியோடு அப்பாவும் நானும் போவோம். கரையிலேயே கிடக்கும் ஆறு தெருநாய்களுக்கு ஆளில்லை என்பதால் அவை என்னுடையவை என்று நானே முடிவு செய்திருந்தேன். தினமும் டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கிப் போடுவேன்.

ஒருநாள் குளத்துப் பக்கம் வெறிநாய் ஒன்று கன்றுக்குட்டியைக் கடித்துவிட்டதாகத் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டு நாய்களுக்குக் கரையில் ஊசி முகாம் போட்டார்கள். ஊசி போட்ட நாய் எது என்று தெரிவதற்காக மாட்டு டாக்டர் அதன் நெற்றியில் பச்சைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தார். ஜிம்மி கம்மென்று நின்றது. அழுதது நான்தான்.

பொட்டில்லாத நாய்களை என்ன செய்வார்கள் என்று பக்கத்து வீட்டு மாமாவிடம் கேட்டேன்.

“நாளைக்கு வேன் வரும். எல்லாத்தையும் பிடிச்சுட்டுப் போயிருவாக,” என்றார்.

ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்ற மிச்சத்தைச் சொல்வதற்குள் அவருடைய நாய் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் குடிலில் இலைகளுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்துக்கொண்டு மத்தியானமே கரைக்கு ஓடினேன். பொறையைக் காட்டியதும் ஆறும் நெற்றியை நீட்டின. டாக்டர் வைத்ததைவிட வட்டமாகவே வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

மறுநாள் வேன் வந்தது, பொட்டுகளைப் பார்த்தது, வெறுமனே திரும்பிப் போனது. சாயங்காலம் குழுவில் ஆறு நாய்களின் படத்தோடு செய்தி: “நம்ம குளத்து நாய்க எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சு. பிள்ளைகளைத் தைரியமா விளையாட விடலாம்.”

அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு என் நகத்தைப் பார்த்தார்.

“ஏத்தா, பொட்டு வச்சா ஊசி இறங்கிருமா?”

திட்டவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உடனே குழுவில் உண்மையை எழுதினார், என் பெயர் இல்லாமல். டாக்டருக்கும் போன் போட்டார். காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கரைக்குப் போனார். நாய் வளர்ப்பவர்களும் ஆளுக்கொரு கயிறோடு வந்துவிட்டார்கள். என்னை மட்டும் மாடிக் கம்பிக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டார் அம்மா. தெருநாய்கள் அப்பாவுக்குப் பழக்கம் என்பதால் ஒவ்வொன்றையும் அவர்தான் அமுக்கிப் பிடித்தார். டாக்டர் ஊசி போட்டு, என் பச்சைப் பொட்டுக்குக் கீழே சிவப்பாக ஒன்று வைத்தார்.

அன்று சாயங்காலம் கரையில் எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும். ஆறு நாய்களும் இரட்டைப் பொட்டோடு காலடியில் படுத்துக் கிடந்தன. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வயதில் இருந்ததேயில்லை.

அப்பாவின் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. வேலிக் கம்பி கிழித்துவிட்டது என்றார். அந்த மாதம் சில நாட்கள் காலையிலேயே பெரியாஸ்பத்திரிப் பக்கம் போய்வந்தார். ஏதோ ஆபீஸ் வேலை என்றார். எந்த நாய் கடித்தது என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. போய்வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஜாங்கிரி வாங்கி வருவார். கடைசி ஊசியும் முடிந்த பிறகு ஜாங்கிரி வருவது நின்றுபோனது. நான்தான் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, அடுத்து எப்ப போவீக?”