முனியாண்டி ஒட்டிய ஷிப்டு அட்டை

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். சாஆ என்ற ஊரின் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, மாசாய் நகரில் மோட்டார் சைக்கிள் பட்டறை, சொந்த வீடு எல்லாம் உண்டாக்கினேன். எந்த வண்டி வந்தாலும் "நாளைக்கு எடுத்துக்கலாம்" என்பேன்.

ஒரு காலை, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் முனியாண்டி வந்தார். அவர் வண்டி பிரித்தபடியே கிடந்தது.

"மூணு நாளா நாளைக்குன்னுதான் சொல்றீங்க லா. இன்னிக்கும் லேட்டுன்னா வேலை போயிடும்ண்ணே."

என் மோட்டார் சைக்கிளையே கொடுத்தேன். அவர் வேலை போகாமல் தப்பியது. மாலையில் திரும்பியவர், எந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்டு என்று போட்ட தன் ஷிப்டு அட்டையைப் பட்டறைச் சுவரில் ஒட்டினார்.

"நைட்டு ஷிப்டு ஆளுங்க பகல்ல தூங்குவாங்க. அப்ப அவங்க வண்டிய பாருங்க. பகல் ஷிப்டு போற எங்க வண்டிய சாயங்காலம் பாருங்க. வாரா வாரம் ஷிப்டு மாறும், பாத்துக்குங்க."

அன்றிலிருந்து பட்டறையின் வாரம் அப்படித்தான் நடக்கிறது. இப்போது பட்டறையைப் பார்க்கும் என் பிள்ளைகள் அதைத் தங்கள் யோசனை என்கிறார்கள். யோசனை முனியாண்டியுடையது. கேட்டு நடந்தவன் நான். இந்தக் கதையைச் சொன்னால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்லுங்கள்.