மீண்டும் வருக

வில்லியனூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் மனநல ஆலோசனை அறை வைத்திருக்கிறேன். வாசலில் உள்ளூர் ஆளை உட்கார வைத்தால் வம்பு. "நீ யார் வூட்டு மருமவ?" என்று ஆரம்பித்துவிடுவார்கள், வந்தவர் அப்படியே படியிறங்கிவிடுவார். அதனால் போன் எடுக்கவும் நேரம் குறிக்கவும், திருநெல்வேலியில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு பெண்ணை அமர்த்தினேன். நேரில் பார்த்ததே இல்லை. நாள் முழுக்க ஊரார் மனசைக் கேட்டுவிட்டு வீட்டில் பேச ஆளில்லாத எனக்கு, அவள் குரல்தான் சகஊழியர்.

கெட்டிக்காரி. ஆனால் முன்பு ஏதோ ஓட்டலுக்கு இதே வேலை பார்த்தவள். என்னைக் கேட்காமலே, வந்துபோனவர்களுக்கு வாட்ஸ்அப்பில் நன்றி அனுப்பத் தொடங்கியிருக்கிறாள். கடைசி வரி, "மீண்டும் வருக."

பண்டசோழநல்லூரிலிருந்து ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். மகனை விபத்தில் பறிகொடுத்தவர். பல வாரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர், அன்றுதான் மகனைப் பற்றிப் பேசினார். சாயங்காலம் அவருக்கும் அந்த நன்றிச் செய்தி போயிருக்கிறது; உடனே எனக்கு போன் செய்தார்.

"இன்னா மேடம், புள்ளய வாரிக் குடுத்தவளப் போயி மறுபடியும் வான்றீங்க. இன்னும் யார் சாவணும்?"

வைத்துவிட்டார். அடுத்த வாரம் வரவில்லை.

திருநெல்வேலியைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஆஸ்பத்திரியில யாராவது திரும்பி வாங்கன்னு சொல்வாங்களா? அறிவு வேணாம்?"

"எங்க ஊர்லயும் சொல்ல மாட்டாவ மேடம். இத ஆபீஸ்னு நினைச்சிட்டேன். நானே அவங்ககிட்ட பேசுதேன்."

அந்த அம்மா திரும்ப வந்தார். "அந்தப் பொண்ணு போன்ல அயுதுது மேடம். நான்தான் தேத்தினேன்" என்றார்.

அப்புறம் மாதக்கணக்கில் வந்தார். அழுதார், கடவுளைத் திட்டினார், ஒருநாள் சிரித்தும்விட்டார். கடைசியாக, "இனிமே வேணாம் மேடம், நானே பாத்துக்கறேன்" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. இங்கே அப்படிச் சொல்லாமல் போவதுதான் நல்லது.

சந்தோஷம்தான். ஆள் வராமல் போனால்தான் என் வேலை பலித்தது என்று அர்த்தம். ஆனாலும் அவர் எழுந்துபோன நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் போனை எடுத்தேன்.

"அந்த அம்மா பேரை எடுத்துடும்மா. இனிமே வரமாட்டாங்க."

"நல்லது மேடம். வேற ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப வைக்கட்டுமா?"

"கொஞ்ச நேரம் இரும்மா" என்றேன்.