ஆவுடைத்தாய் அக்கா மாற்றிய முடிவு

அச்சகத்தில் நின்றிருந்தபோது போன் வந்தது. "மாமா, பெரியம்மை எந்திரிக்க மாட்டேங்காவ. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்காவ." பேசியது இசக்கி, ஆவுடைத்தாய் அக்காவைப் பெரியம்மை என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சிறுமி. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். புதுப் புத்தகத்தின் கடைசிக் கதையை இந்த வாரம் தந்துவிடுவதாக அக்கா சொல்லியிருந்தார்.

அவரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. சொன்ன நாளில் அவர் எதையும் தந்ததில்லை. திசையன்விளையில் தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் குழந்தைகளுக்கு எழுத ஆரம்பித்தார். கதைகளில் கிழவர்களும் பிள்ளைகளும் சரிக்குச் சரி சண்டை போட்டுக்கொண்டு நண்பர்களாக இருப்பார்கள். பாளையங்கோட்டையில் நான் நடத்தும் சிறிய பதிப்பகம்தான் அவற்றை வெளியிட்டது. நான் பாடுபட்டுத் திருத்தி அனுப்புவதை அவர் இசக்கிக்கு வாசித்துக் காட்டுவார். அவள் கொட்டாவி விட்டால் அந்தப் பத்தி போயிற்று.

"அக்கா, நான் இருவது வருசமா இந்த வேலை பாக்கேன்" என்றேன்.

"அவ ஒம்பது வருசமா புள்ளையா இருக்கா. நீ அத எப்பமோ விட்டுட்டியே."

உச்சம், அண்ணன் தம்பி கதை. பேச்சு வார்த்தை இல்லாத இருவரை ஒரு சிறுமியின் அழுகை சேர்த்துவைப்பதாக முடித்திருந்தார். அச்சுக்கும் போய்விட்டது. அப்போது இசக்கி, "பொய்க்கதை. எங்க அப்பாவும் சித்தப்பாவும் பேசவே இல்லையே. நானும் அழுது பாத்துட்டேன்" என்றிருக்கிறாள். உடனே அக்கா அச்சை நிறுத்தச் சொன்னார். கத்திப் பார்த்தேன், பலனில்லை. புது முடிவில் பெரியவர்கள் பேசவில்லை. அவர்களின் பிள்ளைகள் நடுச்சுவரில் ஏறி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்கிறார்கள்.

அச்சான அந்தப் புத்தகத்தோடு நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று இசக்கியின் அப்பா வந்தார். சற்று நேரத்தில் சித்தப்பாவும் வந்து நின்றார்.

"எங்க வீட்டுச் சங்கதிய இப்படி ஊருக்கே அச்சடிச்சிருக்கியளே" என்றார் அப்பா.

"அண்ணன் சொல்லுதது சரிதான்" என்றார் தம்பி.

அக்கா இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் பேச்ச ஆரம்பிச்சாச்சு. உக்காருங்க, காப்பி போடுதேன்."

தம்பி விறுவிறுவென்று வெளியேறினார். போலீசுக்குப் போவார்களோ என்று நான் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தேன். அக்காவோ, "இத எழுதியிருந்தா இசக்கி நம்பியிருக்க மாட்டா" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அவர்கள் சேர்ந்துவிடவில்லை. இப்போது அக்காவின் பாடையை அண்ணனும் தம்பியும் முன்னால் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இசக்கி என் அருகில் வந்து, "இப்பம் பெரியம்மை எங்க இருப்பாவ?" என்று கேட்டாள். சாமியிடம், நட்சத்திரத்தில் என்று வழக்கமான பதில்கள் நாக்குவரை வந்தன. சொன்னால் அவள் கொட்டாவி விடுவாள்.

"தெரியலட்டி" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு இனிப்பான பொய் சொல்ல என்னால் இனி முடியாது. பதிப்பாளனுக்கு இது பெரிய இடைஞ்சல். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதும் அதுதான்.