பட்டாபிராமனின் ஒரே படம்

பட்டாபிராமனைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுத முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. புனே கராடியில் எங்கள் ஆர்க்கிடெக்ட் ஆபீசில் அவருக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. வடாபாவ் தின்றுவிட்டு, எண்ணெய்க் கையை யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து வரைந்த படத்தின் பிரிண்ட்டில் துடைத்துப் போடுவார். அந்தக் கருமத்தைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் நான் என் டப்பாவைத் திறக்க வேண்டும்.

கும்பகோணத்துக்காரர், புனேவுக்கு வந்து இங்கேயே ஊறிப்போனவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குடிக்க மாட்டார், யாரையும் அதட்ட மாட்டார், கணபதி பண்டிகைக்கு ஆபீஸ் முழுக்க மோதகம் கொடுப்பார். அதனாலேயே எல்லோரும் அவரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார்கள். கடைகளின் கண்ணாடி முகப்புக்குப் படம் போடுவது அவர் வேலை. முன்பக்கத் தோற்றம் ஒன்று. அப்புறம் மேலே, பக்கவாட்டில், கீழே என்று அலுமினியச் சட்டம் சுவரோடும் தரையோடும் சேரும் இடங்களை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் டீடெயில்கள். கண்ணாடி போடுகிறவர் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார். படத்தில் இல்லாதது கடையிலும் இருக்காது.

அந்த மனுஷர் தன் சர்வீசிலேயே ஒரே ஒரு முகப்புதான் வரைந்திருப்பார் என்பது என் சந்தேகம். மற்றதெல்லாம் காப்பி, பேஸ்ட். எல்லா இடத்துக்கும் இதேதான் என்று சொல்ல, ஓரத்தில் 'டிபிக்கல்' என்று ஒரு வார்த்தை. ஏன் சார் என்று கேட்டால், "சலேகா மா" என்பார். ஓடிவிடும், விடு என்று அர்த்தம். சட்டம் கோணினாலும் சலேகா, அளவு தப்பினாலும் சலேகா.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டுக்காரர் முகம்மது மீரான். வாடகைக் கடையில் துணி விற்றே தலை நரைத்தவர், இப்போதுதான் சொந்தமாகக் கடை கட்டினார். "உங்க ஆபீஸ்லயே படம் போட்டுக் குடுத்துடுங்க தங்கச்சி. நீங்க இருக்கீங்கங்கற தைரியந்தான்" என்றார். நான்தான் கூட்டிவந்தேன். என் போதாத காலம், முகப்பு வேலை பட்டாபி கைக்குப் போனது.

ஒருநாள் அவர் திரையை எட்டிப்பார்த்தேன். மகர்பட்டாவில் ஓர் ஆபீஸ் கட்டிடத்தின் லாபிக்குள்ளே இருக்கும் கடைக்குப் போட்ட படத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். அந்தக் கடைமேல் ஒரு சொட்டு மழை படாது. மீரான் பாய் கடையோ மேற்கே பார்த்து ரோட்டின்மேல் நிற்கிறது. அங்கே கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் எப்படியும் தண்ணீர் இறங்கும். அதைப் பிடிக்கக் கீழ்ச்சட்டத்துக்கு அடியில் ஒரு தட்டும், வெளியே விடத் துளைகளும் வேண்டும். இரண்டும் படத்தில் இல்லை.

"சார், இது உள்ள இருக்கற கடையோடது. மழை அடிச்சா தண்ணி நேரா துணிக்குத்தான் வரும். அடியில தட்டு காட்டுங்க" என்றேன்.

"மாத்திடறேன்மா. நீ ஏன் டென்ஷன் ஆறே?"

மறுவாரம் திரும்பவும் கேட்டேன். "மாத்தியாச்சு, பிரிண்ட்டும் போயாச்சு" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே. நம்பினேன்.

ஜூனில் முதல் பெருமழை அடித்த அன்று மீரான் பாய் போன் செய்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணாடிக்குக் கீழே ஓரம் முழுக்கத் தண்ணீர். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்று இறக்கி வைத்திருந்த யூனிபார்ம் துணியெல்லாம் நனைந்து, வெள்ளைத் துணியில் நீலச் சாயம் ஏறிக் கிடந்தது. இந்த சீசனை நம்பித்தான் அவர் கடையையே திறந்திருந்தார்.

கண்ணாடி போட்ட தங்கராஜ் பிரிண்ட்டை நீட்டினார். "அக்கா, படத்துல உள்ளதைத்தான் போட்டிருக்கேன்."

பார்த்தேன். தட்டும் இல்லை, துளையும் இல்லை. மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் என் இனிஷியல் இருந்தது.

வாசலுக்கு வந்து பட்டாபிக்கு போன் போட்டு, இதில் என் இனிஷியல் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அதுவா? அந்த மகர்பட்டா படத்தை அன்னிக்கு நீதானே செக் பண்ணினே. ஷீட்டோட காப்பி அடிச்சேன், உன் இனிஷியலும் கூடவே வந்துடுத்து. இடுக்குல கொஞ்சம் சிலிகான் பசை அடிக்கச் சொல்லு. சலேகா."

வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா? போனை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மீரான் பாய் தங்கராஜிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தங்கச்சியே பார்த்து ஓகே பண்ணின படம் இது. கண்ணாடியில தப்பு இருக்காது. தண்ணி தரைக்கு அடியிலேர்ந்துதான் ஏறுது. ஓரத்துல உடைச்சுப் பாருங்க."

தங்கராஜ் உளியை எடுத்தார்.

"உடைக்காதீங்க பாய்" என்றேன். "தண்ணி கண்ணாடிச் சட்டத்துலதான் வருது. இந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை."

மீரான் பாய் பிரிண்ட்டில் என் இனிஷியல் இருந்த கட்டத்தில் விரலை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பார்க்காமலா தங்கச்சி கையெழுத்துப் போட்டீங்க?"