டான்யூப் படகில் மூன்றாவது இடம்

கனரக இயந்திரத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவர், எங்கேயாவது போகலாம், எங்கே என்று நீயே சொல் என்றார். மனுஷர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிய விஷயம். நான் யோசிக்கவேயில்லை. புடாபெஸ்ட் என்றேன். நடுவில் டான்யூப் நதி. அக்கரையில் குன்றின்மேல் அரண்மனை, இக்கரையில் கூர்கூரான கோபுரங்களோடு நாடாளுமன்றம். பொழுது சாயும் நேரத்தில் அந்த ஆற்றில் அவரோடு படகில் போக வேண்டும். அறுபதை நெருங்குகிறவளுக்கு இது என்ன ஆசை என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டோம். பாலத்துக்குப் பக்கத்தில் விடுதி பார்த்தாயிற்று. அடுத்து படகு. எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் அவர் கை தானாக மூன்று என்று போட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர், பக்கத்திலேயே ராபர்ட்சன்பேட்டையில் தனியாக இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனோம், அண்ணியும் வந்தார். மைசூர், கன்னியாகுமரி, எங்கே போனாலும் அண்ணிதான். எந்தப் போட்டோவை எடுத்தாலும் எங்கள் நடுவில் நிற்பார். தங்கமான மனுஷி. என் பிரசவத்தின்போது தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்டவர். அதனால்தான் இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேராகப் போகாவிட்டால் இனி எப்போதுமே போகப்போவதில்லை. அக்காவிடம் நீங்களே பேசுங்கள், இல்லையென்றால் நீங்களும் அவரும் போய்வாருங்கள், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே கிளம்பிப் போனோம். அண்ணி டீ போட்டுக் கொடுத்தார். இவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு மழை, ரயில் தாமதம், தக்காளி விலை என்று ஊர்க்கதையெல்லாம் பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தரையைப் பார்த்தபடியே, "அக்கா, இந்த வாட்டி நாங்க ரெண்டு பேரு மட்டும் போய்ட்டு வர்லாம்னு இருக்கோம்" என்றார்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்பாடா" என்றார் அண்ணி. "இப்பவாவது தோணிச்சே உனக்கு. ஊட்டிக்கே நான் வரலன்னுதான்டா சொன்னேன். அந்தப் பொண்ணுகிட்ட தனியா இன்னா பேசறதுன்னே தெரியல, நீயும் வாக்கான்னு கையப் புடிச்சிக்கினு நின்ன. அப்புறம் ஒவ்வொரு வாட்டியும் கூப்ட்ட. நான் இன்னா பண்றது?"

இத்தனை வருஷமாக மனதுக்குள் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்! வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இவர் நிமிரவேயில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. அண்ணி இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டு நிம்மதியாகக் குடித்தார்.

வீடு திரும்பும் வழியில், இப்போதாவது என்னிடம் என்ன பேசுவது என்று தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியல" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா இப்ப பயமா இல்ல" என்றார்.