வால் பகுதிக்குள் ஓர் எழுத்து

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அப்பாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. ஆறு நாளும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரே இயந்திரத்தின் முன் நின்ற மனிதர், ஏழாம் நாள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழைய விமானம் எங்கே நிற்கிறதோ அங்கே கிளம்பிவிடுவார். நோட்டைச் சுமப்பது என் வேலை. தேதி, கிழமை, பிலிம் ரோல் எண், பட எண், விமானத்தின் வால் எண், கண்டவர் என்று ஆறு கட்டங்கள். பட எண்ணை மட்டும் நான் பென்சிலால் எழுதலாம். மற்றவை அப்பாவின் நீல மை.

"கண்ணால பாக்காதத பேனா தொடக்கூடாது" என்பார்.

இந்த அலைச்சலுக்குப் பெரியப்பா ஒரு காரணம். இளவயதில் விமானத் தொழிற்சாலையில் தகடுகளுக்கு ரிவெட் அடித்தவர். நெஞ்சு கெட்டுப்போய், நீலசந்திராவில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தார். பயிற்சி விமானம் ஒன்றின் வால் பகுதிக்குள், யாரும் பார்க்காத நேரத்தில், ஆணியால் ஒரு தமிழ் எழுத்தைக் கீறிவிட்டு வந்தாராம். எந்த விமானம் என்பது மறந்துவிட்டது. சாவதற்குள் அது எங்கேயாவது இருக்கிறதா என்று தெரிந்தால் போதும் என்று அவர் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து அப்பா பார்க்கும் பயிற்சி விமானத்தின் வாலுக்குள் எல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். என்ன எழுத்து என்று எனக்கு மட்டும் சொல்லவில்லை.

"சொல்லிட்டா அதத்தான் நீ பாப்ப."

யெலகங்கா விமானக் கண்காட்சியின் கடைசி நாள். எனக்கு ஒன்பது வயது. தலைக்கு மேல் ஜெட் விமானங்கள் வானத்தைக் கிழித்துக்கொண்டிருக்க, அப்பா அண்ணாந்துகூடப் பார்க்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். மைதானத்தின் கோடியில், கயிறு கட்டிய வளையத்துக்குள் ஒரு பழைய பயிற்சி விமானம் நின்றது. வாலின் அடியில் இருந்த சிறு மூடியைக் காணவில்லை. தலை நுழையுமளவுக்கு ஓட்டை. மறுநாள் அதைக் கழற்றி லாரியில் வடக்கே அனுப்பப்போவதாகக் காவலாளி சொன்னார். உள்ளே விடமாட்டேன் என்றும் சொன்னார். அவர் பீடி பற்றவைக்கத் திரும்பியதும் அப்பா டார்ச்சை என் கையில் திணித்தார்.

கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடி, ஓட்டைக்குள் தலையை விட்டேன். எண்ணெய் நாற்றம். கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு குளவிக்கூடு. அந்த நேரம் பார்த்து ஒரு ஜெட் தாழப் பறந்தது. விமானமே உயிர் வந்ததுபோல் என்னைச் சுற்றி நடுங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஏய் பாப்பா, ஹொரகெ பா!" வெளியே வரச் சொல்லிக் காவலாளி கத்தினார்.

"ஒந்து நிமிஷ சார், மகு சார்" என்று நான் குழந்தை என்பதைச் சொல்லி அப்பா கன்னடத்தில் கெஞ்சுவது கேட்டது. மூடிய கண்ணோடே தலையை வெளியே இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

"இருந்துச்சா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இருந்துச்சுப்பா."

"என்ன எழுத்து?"

பெரியப்பா பெயரின் முதல் எழுத்தைத் தவிர வேறு என்னவாக இருக்கும்? "மு" என்றேன்.

அப்பா நோட்டை வாங்கிப் பிரித்தார். பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டு என் பென்சிலைக் கேட்டார். மை தீர்ந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். பிறகு என்னை விமானத்தின் பக்கமாக நிற்கவைத்து, ரோலில் கடைசியாக மிச்சமிருந்த முப்பத்தாறாவது படத்தை எடுத்தார்.

வீட்டுக்குள் நுழையும்போதே பெரியப்பா தலையைத் தூக்கினார். "என்னடா, கெடச்சுதா?"

அப்பா செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். நான் முந்திக்கொண்டேன். "மு இருந்துச்சு பெரியப்பா!"

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது. "நேரா இருந்துச்சா, கோணலா இருந்துச்சா?"

"கோணல்தான்."

"அப்ப நான்தான். என் கைக்கு எது நேரா வந்துச்சு?"

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெரியப்பா போய்விட்டார். அந்த நோட்டு என்னிடம் வந்துசேர்ந்தது பல வருடங்கள் கழித்துத்தான். கிழிந்துபோன பிரவுன் உறையை மாற்றலாம் என்று பிரித்தபோது, அட்டையில் அப்பாவின் கையெழுத்து தெரிந்தது: 'தேட வேண்டியது: ழ. மேஸ்திரி கன்னடக்காரர், அவருக்குப் படிக்கவும் வராத, சொல்லவும் வராத எழுத்தாகப் பார்த்துக் கீறியதாக அண்ணன் சொன்னது.' உள்ளே, என் பட எண்களைத் தவிர, எல்லாப் பக்கங்களும் நீல மை. ஒரே ஒரு வரி, அந்தக் கண்காட்சி நாளின் வரி, முழுக்கப் பென்சிலில். அதை அவர் அழிக்கவும் இல்லை, மையால் எழுதவும் இல்லை.

கண்காட்சிக்கு அடுத்த ஞாயிறு, அப்பா மறுபடியும் கேமராவோடு வாசலில் நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அதான் கெடச்சிருச்சேப்பா, இன்னும் எதுக்கு?"

"ரோல் இன்னும் பாக்கி இருக்கும்மா."

முப்பத்தாறு என்று நோட்டில் எழுதியவளே நான்தான். அப்பாவுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.